இரண்டு அங்குலம் குறைந்த மேடு

நவம்பர் 18, செவ்வாய்

நாலு ஆட்டம். நாலும் தோல்வி.

புது மனேஜர் லொயிட் இன்றும் காலை ஆறரைக்கே மைதானத்தில் நின்றார். அமெரிக்காவில் முப்பது வருசம் பேஸ்பால் பழக்கிய மனுசன். அறுபத்தொரு வயது, முழங்கால் நோவு வேறு. "குட் மோர்னிங், யாஸ்" என்றார். யசீகரன் என்ற பெயரில் அவருடைய வாய்க்கு வசப்பட்டது அவ்வளவுதான்.

பதினொரு வருசம் இதே ஆக்லாந்தில் கிரிக்கெட் தரையைப் பராமரித்துவிட்டு பேஸ்பாலுக்கு மாறி வந்த எனக்கும் இது முதல் சீசன். இங்கே பந்து எறிபவர் மண்மேட்டில் நின்றுதான் எறிய வேண்டும். நடு மைதானத்து மேடு பழனிசாமி அண்ணையின் பொறுப்பு. ஈரோட்டுக்காரர், எனக்கு மேலே இருப்பவர். ஓரத்தில் எங்கள் ஆட்கள் பழகும் மேடு ஒன்று, வெளியூர் அணி பழகும் மேடு ஒன்று. அவை இரண்டும் என்னுடையவை. வெளியூர்க்காரர் ஆட்ட நாளில் மட்டும் வருவார்கள், அதனால் அதில் பெரிய வேலை இல்லை. எங்கள் மேட்டை மட்டும் தினமும் காலையில் உதிரி மண் கூட்டி, தண்ணீர் தெளித்து, கை உருளையால் உருட்டி வைப்பேன்.

லொயிட் குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். இவ்வளவு சுத்தமான மேட்டை எங்கும் கண்டதில்லை என்றார். வீட்டுக்கு வந்து மனைவி நிலானியிடம் சொன்னேன். "மேடு வடிவா இருந்தென்ன, தோத்துக்கொண்டெல்லோ நிக்கிறியள்" என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு

மழை. மழையிலும் தோல்வி.

டிசம்பர் 5, வெள்ளி

எங்கள் எறிபவன் மாலாகாய்க்கு இன்றும் அடி. அவன் எறிந்ததில் மூன்று பந்தை வேலிக்கு வெளியே அடித்துவிட்டார்கள். இருபத்தேழு வயது, ஒடாஹுஹுவில் வளர்ந்த டொங்கா நாட்டுப் பெடியன். அணியில் எல்லாருக்கும் முதலில் வருபவன் அவன்தான். என் மேட்டில் நின்று ஒரு காலைக்கு எண்பது பந்து எறிவான். பயிற்சியில் எல்லாம் சொன்ன இடத்துக்குப் போகும். ஆட்டத்தில் பந்து மேலே ஏறிவிடுகிறது, அடிப்பவனுக்குத் தோதாக.

லொயிட் அவனுக்குப் பக்கத்தில் நின்று தோளைத் திருப்பிக் காட்டுகிறார், இடுப்பைத் திருப்பிக் காட்டுகிறார். மற்ற எறிபவர்களுக்கும் இதே வருத்தம். மருந்து என்று லொயிட் கண்டது இன்னும் கூடப் பயிற்சி.

டிசம்பர் 14, ஞாயிறு

பதினாறு ஆட்டத்தில் மூன்று வெற்றி. "லொயிட், கோ ஹோம்" என்று அட்டை எழுதிப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம். அதில் ஒன்றைப் பிடித்திருந்தது என் மகள் பிரணவி. பதினைந்து வயது, இந்த அணி என்றால் உயிர். காரில் வரும்போது கேட்டேன், அந்த மனுசனைப் பார்க்கப் பாவமாக இல்லையா என்று. "ஹீ இஸ் கில்லிங் த டீம், அப்பா" என்றாள். பிறகு காதில் பாட்டைப் போட்டுக்கொண்டாள்.

களைப்பாக இருக்கிறது. தோற்கிற இடத்தில் வேலை செய்தால் ஒன்றும் செய்யாமலே களைத்துப்போகும் போல.

டிசம்பர் 23, செவ்வாய்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

காலையில் தேநீர் குடிக்கும்போது பழனி அண்ணை பகிடி விட்டார். எங்கள் எறிபவர்களில் ஒரு சோம்பேறி இருக்கிறான், முழங்கை நோவென்று சொல்லிப் பயிற்சிக்கே வரமாட்டான். "அவன் ஒருத்தன்தான் நல்லா போடுறான். பேசாம எல்லாரையும் வீட்டுல தூங்கச் சொல்லிடலாம்" என்றார். நானும் சிரித்தேன். தண்ணீர்க் குழாயைச் சுருட்டும்போதுதான் அது மண்டைக்குள் ஏறியது. கூடப் பழகுபவன் கூடத் தோற்கிறான். பழகாதவன் தப்பிக்கிறான். அவன் மிதிக்காதது எது? என்னுடைய மேடு.

நூலும் மட்டப்பலகையும் எடுத்துப் போய் அளந்தேன். நடு மைதானத்து மேட்டைப் போலப் பத்து அங்குலம் இருக்க வேண்டும். எட்டு.

மூன்று தரம் அளந்தேன். எட்டு. வெளியூர்க்காரரின் மேட்டையும் அளந்தேன். பத்துக்கு ஒரு நூல் குறைவு, அவ்வளவுதான்.

கிரிக்கெட்டில் தூசியைக் கூட்டித் தள்ளி உருட்டினால் தரை நல்ல தரை. இங்கே அப்படி இல்லை. கால் தோண்டிய மண்ணை அந்தந்தக் குழியிலேயே திருப்பி இட்டு இறுக்க வேண்டும், குறைந்ததற்குப் புது மண் போட வேண்டும். சேர்ந்தபோது பழனி அண்ணை சொல்லித்தந்தவர்தான். பழகிய கை கேட்கவில்லை. நான் ஒவ்வொரு நாளும் ஒரு பிடி மண்ணைக் கூட்டித் தள்ளியிருக்கிறேன், மிச்சத்தை உருளையால் அமத்தியிருக்கிறேன். ஒக்டோபரில் அளந்ததோடு சரி. வெளியூர்க்காரருடையதில் அக்கறை இல்லாதபடியால் அது தப்பியது. எங்களுடையதைச் செல்லம் கொடுத்தே கெடுத்திருக்கிறேன்.

எட்டு அங்குலத்தில் காலை முழுக்கப் பழகியவன் பின்னேரம் பத்து அங்குலத்தில் ஏறினால், முன்கால் வைக்கிற நேரத்தில் தரை வராது. படி முடிந்ததென்று நினைத்து இறங்கும்போது இன்னொரு படி இருக்குமே, அந்தத் தடுமாற்றம். கை முந்திவிடும், பந்து மேலே போகும்.

லொயிட்டைத்தான் ஊரே திட்டுகிறது.

டிசம்பர் 24, புதன்

பழனி அண்ணையிடம் சொன்னேன். எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "யசீ, வாராவாரம் அளந்து பாத்ததா சீட்டுல நான்தான் கையெழுத்து போட்டிருக்கேன். அளக்கல. உங்க மேல நம்பிக்கை. இப்ப வெளிய சொன்னா ரெண்டு பேருக்குமே வேலை இருக்காது. சத்தமில்லாம மண்ணைப் போட்டுச் சரி பண்ணிடுங்க."

ஓம் என்றேன். ஓம் என்று சொல்ல எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது.

டிசம்பர் 29, திங்கள்

விடுமுறை. மைதானத்தில் ஆள் இல்லை. மூன்று நாளாக ஒவ்வொரு படையாகக் களிமண் போட்டு இடித்தேன். பத்து அங்குலம், அச்சொட்டாக. இனி எல்லாம் சரியாகிவிடும், யாரும் அறியத் தேவையில்லை. எறிபவர்களின் உடம்பு அதற்குப் பழக எப்படியும் ஒரு கிழமை, பத்து நாள் எடுக்கும்.

ஜனவரி 2, வெள்ளி

மாலாகாயை அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

லொயிட்தான் சொன்னார், பயிற்சி மேட்டுக்குப் பக்கத்தில் வைத்து. பார்த்துப் பார்த்துத்தான் சொன்னார், ஆனால் சொன்னது அதுதான்: நீ உழைத்த அளவுக்கு யாரும் உழைக்கவில்லை, ஆனாலும் வரவில்லை, இந்த மட்டத்துக்கு உன் கை காணாது. மாலாகாய் தலையை ஆட்டினான். அவருக்கு நன்றி சொன்னான். போகும்போது எனக்கும் கை காட்டிவிட்டுப் போனான்.

நான் இருபது அடி தள்ளி நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். ஏன்ரா வாயைத் திறக்கேல்லை? ஒரு சொல் காணுமே. என்ன மனுசன் நீ?

ஜனவரி 6, செவ்வாய்

லொயிட்டை நீக்கிவிட்டார்கள். உதவிப் பயிற்சியாளர் மிச்ச சீசனைப் பார்ப்பாராம்.

ஜனவரி 11, ஞாயிறு

நாலு ஆட்டத்தில் மூன்று வெற்றி. பந்தெல்லாம் சொன்ன இடத்துக்குப் போகிறது. மனேஜர் மாறியதும் காற்றே மாறிவிட்டது என்று நேரடி ஒலிபரப்பில் ஒருவர் சொன்னார். பிரணவி என் தோளில் தட்டி, "டோல்ட் யூ" என்றாள்.

இன்னும் ஒரு கிழமை அந்த மனுசனை விட்டிருந்தால். இல்லை, நான் ஒரு கிழமை முந்தி வாயைத் திறந்திருந்தால்.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். நிலானி பொங்கிப் படைத்தாள். பிரணவி பள்ளிச் சிநேகிதியிடம் போனபிறகு நிலானியிடம் முழுக்கச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பெடியனிட்ட ஆராவது கதைச்சனீங்களோ?"

இல்லை என்றேன். எழும்பிப் போய்ப் பானையைக் கழுவத் தொடங்கினாள்.

ஜனவரி 20, செவ்வாய்

அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். நிர்வாகப் பெண்மணி பொறுமையாகக் கேட்டார். இப்போது வென்றுகொண்டிருக்கிறோம், இந்தக் கதை யாருக்கு நன்மை என்று கேட்டார். எழுத்தில் ஒன்றும் தரவேண்டாமாம். சீசனோடு என்னுடைய வேலையும் முடிகிறது, அதையும் அதே தொனியில் சொன்னார்.

பழனி அண்ணையின் பெயரை நான் சொல்லவில்லை. அவர்களே சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டார்கள். எச்சரிக்கையோடு விட்டார்களாம். பின்னேரம் என்னைக் கடந்து போனார், முகம் பார்க்கவில்லை. கோபம் நியாயம்தான்.

ஜனவரி 22, வியாழன்

லொயிட் விமானநிலையத்துக்குக் கிட்ட ஒரு மோட்டலில் இருந்தார். பெட்டி பாதி அடுக்கியபடி. நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். கட்டிலில் இருந்துகொண்டு கேட்டார்.

"உனக்கு எப்போது தெரிந்தது?"

டிசம்பர் இருபத்துமூன்று என்றேன். விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடிந்ததும் முகம் மாறியது. அவரை நீக்கிய நாளுக்காக இல்லை. மாலாகாயை அனுப்பிய நாளுக்காக.

"என்னை விடு. எனக்கு வயது போய்விட்டது. அவனிடம் உன் கை காணாது என்று சொன்னது நான். இப்போது நான் போய் மாற்றிச் சொன்னால் இரங்கிச் சொல்கிறேன் என்று நினைப்பான். நீ போ. அளவைக் காட்டு." கதவைத் திறந்துவிட்டார். கை தரவில்லை.

பெப்ரவரி 1, ஞாயிறு

பிரணவியிடம் சொன்னேன். அந்த அட்டையோடு எடுத்த படங்களையெல்லாம் போனில் ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு தமிழில் கேட்டாள், எப்போதாவதுதான் கதைப்பாள்: "அந்த அண்ணாட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

பெப்ரவரி 9, திங்கள்

மாலாகாய் போன் எடுக்கிறானில்லை. செய்தி அனுப்பலாம். இது செய்தியில் சொல்கிற விசயமா? — பயந்தவனுக்கு நல்ல சாட்டு.

பெப்ரவரி 27, வெள்ளி

ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு சாமான் கிடங்கில் அவன் வேலை செய்வதாக அணிப் பெடியன் ஒருவன் சொன்னான். மத்தியான இடைவேளைக்குப் போனேன். வெளியே மரத்தட்டுகளின் மேல் இருந்து தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மெலிந்திருந்தான். மைதானத்தில் புல் எப்படி என்று கேட்டான். நல்ல பெடியன்.

அளவு எழுதிய தாளைக் கொடுத்துச் சொன்னேன். மேடு எட்டு அங்குலம், பிழை என்னுடையது, நீ எண்பது பந்து எறிந்து பழகியபடியால்தான் உனக்கு எல்லாரையும்விடக் கூட அடி விழுந்தது. சோம்பேறியாக இருந்திருந்தால் இன்னும் அணியில் இருந்திருப்பாய். அவர்கள் உன்னை அனுப்பிய அன்று எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டும் நின்றேன்.

கத்துவான், அடித்தாலும் அடிப்பான் என்று நினைத்துத்தான் போனேன். தாளில் இருந்த எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான்.

"அப்ப காரணம் நான் இல்லையா?" என்று கேட்டான்.

நீ இல்லை என்றேன்.

வீட்டில் கையுறை, பந்து எல்லாம் தம்பிமாருக்குக் கொடுத்துவிட்டானாம். தகப்பனிடம், எனக்குள் அந்தத் திறமை இருக்கவில்லை அப்பா என்று சொல்லி அழுதானாம். அதைச் சொல்லிவிட்டுத் திரும்பவும் கேட்டான், "நான் இல்லையா?" பிறகு தாளை இரண்டாக மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், மூன்றாம் தரமும்.

ஒவ்வொரு தரமும் பதில் சொன்னேன். உள்ளே மணி அடித்தது. தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான்.