சுவரை விட்டு ஒரு சாண்

நாரின்,
டிசம்பர் பதினொன்று

அன்பு மகள் சல்தனத்துக்கு அப்பா தொக்தொபெக் எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேலை எப்படிப் போகிறது, அந்த முதியோர் இல்லத்துக் கிழவர்கள் உன்னை அதிகம் படுத்தாமல் இருக்கிறார்களா. இங்கே நான் நலம், முட்டியைத் தவிர. குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்துக்கு இறங்கிவிட்டது, ஆற்றோரம் உறைந்துவிட்டது, வீட்டில் ஹீட்டர் குழாய் நன்றாகவே சுடுகிறது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். அக்டோபரில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நான் போனை வைத்தேன், அதற்குப் பிறகு நீயும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை, இன்றோடு எட்டு வாரம். போனில் பேசினால் என் வாய் மறுபடியும் அதே வேலையைத்தான் செய்யும். பேனா என்றால் எழுதியதை அடித்துவிடலாம். இந்தத் தாளில் நிறைய அடித்திருக்கிறேன், அதையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே.

அன்றைக்கு நீ சொன்னது எனக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. "அப்பா, அம்மா எனக்குத் தைச்ச மெத்தையெல்லாம் யாருக்காவது குடுத்துடுங்க. நான் இங்க பிரேமன்லயேதான் இருக்கப் போறேன். பதினாலு மெத்தைய வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது" என்றாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய், என் காதில்தான் அப்படி விழவில்லை. உன் அம்மா ஸூரா போன நாற்பதாம் நாள் அவளுடைய கோட்டு, சால்வை, பூட்ஸ் எல்லாவற்றையும் வந்தவர்களுக்குப் பங்கு வைத்தோமே, நீதானே ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாய். நம் ஆட்களில் ஒருவருடைய பொருளை அப்படி எடுத்துக் கொடுப்பது அவர் போன பிறகுதான். உயிரோடு இருக்கிற மகளுடைய சீர் மெத்தையை அப்பன் எப்படி எடுத்துக் கொடுப்பான். அந்த எரிச்சலில்தான், "அப்படின்னா உனக்கும் நாப்பதாம் நாள் பண்ணிடறேன் போ" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பெற்ற மகளைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல். லாரி ஓட்டிய முப்பது வருஷத்தில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், ஒருவரிடமும் இப்படிப் பேசியதில்லை. சொன்ன மறு நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. மறுபடி கூப்பிடுவதற்குத்தான் கை வரவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நவம்பர் கடைசியில் கீழ்வீட்டுக் கல்புபு, கொஞ்சம் பால்கட்டி கொண்டுவந்தவள், வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கினாள். "என்ன அண்ணே, நனைஞ்ச செம்மறிய உள்ள கட்டிப் போட்டிருக்கீங்களா" என்றாள். எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை. ஆள் இல்லாத வீடு இப்படித்தான் இருக்கும் என்று அதிலேயே பழகிப் போயிருந்தேன் போலிருக்கிறது. அவள் கேட்காமலே உள்ளே வந்து, கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் சட்டைகளைப் பார்த்தாள், காகிதப் பட்டை ஒட்டி அடைத்த ஜன்னலைப் பார்த்தாள், நேரே மெத்தை அடுக்கின் பின்னால் கையை விட்டாள். வெளியே எடுத்த விரல் கறுப்பாக இருந்தது. நீ சிரிப்பாய், ஆனாலும் சொல்கிறேன். அம்மா போனதிலிருந்து நான் துணியைப் பால்கனியில் காயப்போடுவதில்லை. கிழவன் தன் உள்ளாடையைத் தானே உதறிக் கொடியில் போடுவதை எதிர்வீட்டார் பார்ப்பார்களே என்று அறைக்குள்ளேயே கொடி கட்டிவிட்டேன். இரண்டு குளிர்காலத்து ஈரம் முழுக்க வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியில் அது உன் மெத்தைகளில் போய்க் குடியேறியிருக்கிறது.

ஏன் அங்கே என்றால், அந்த இடம் அப்படி. வாசலுக்கு நேரெதிரே, பெரியவர்களை உட்கார வைக்கிற பக்கத்தில்தானே மரப்பெட்டியை வைத்து அதன்மேல் மெத்தைகளை அடுக்குவோம். என் அப்பாவின் கூடாரத்தில் அந்த அடுக்குக்குப் பின்னால் கம்பளிச் சுவர் இருந்தது, அது மூச்சு விடும். இந்த நாலாவது மாடியில் அங்கே இருப்பது வடக்குப் பார்த்த காங்கிரீட் சுவர், உள்பக்கம் தொட்டால் ஐஸ். இருந்தும் வேறு இடத்தில் வைக்க யாருக்குத்தான் மனசு வரும். ஸூரா இருந்தவரை வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி, மேலிருந்ததைக் கீழே, கீழிருந்ததை மேலே என்று மாற்றிக்கொண்டே இருப்பாள், எதற்கு இந்த வீண் வேலை என்று நான் கேலி செய்வேன். அவள் போன பிறகு ஒன்றைக்கூட இறக்கவில்லை. அடுக்கு கூரைக்கு நாலு விரல் கீழே நின்றது, அது தாழ்ந்தால் இந்த வீடும் தாழ்ந்துவிட்டது என்று வருகிறவர்கள் நினைப்பார்களே. ராத்தங்க வந்த உன் சித்தப்பாவைக்கூட சோபாவில்தான் படுக்க வைத்தேன். உன் பதினாலும் அடியில், சுவரை ஒட்டி, பத்திரமாக இருந்தன. பத்திரம் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வெயில் அடித்தது, காற்று இல்லை, பனி மாவு போல உலர்ந்து கிடந்தது. கல்புபுவும் அவள் மருமகளும் நானுமாக எல்லாவற்றையும் முற்றத்துக்கு இறக்கிப் பனிமேல் விரித்தோம். கம்பளத்தைத் தட்டுவது போலத் தட்டு, திருப்பிப் போடு, பிறகு சாயங்காலம் வரை குளிரிலேயே கிடக்கட்டும், பூச்சி முட்டை எல்லாம் விறைத்துச் சாகும் என்றாள் கல்புபு. நான் தட்டினேன், பனி சாம்பல் நிறமானது, வெட்கமாக இருந்தது. உன்னுடையதில் ஐந்து போய்விட்டது சல்தனத். உள்ளே ஆட்டு ரோமமே கட்டியாக மக்கியிருந்தது, தையலைப் பிரித்தால் தும்மல் வருகிறது. அதில் ஒன்று, அம்மா கடைசிக் குளிர்காலத்தில் படுக்கையில் உட்கார்ந்தபடி தன் பழைய கவுன்களை முக்கோணம் முக்கோணமாக வெட்டித் தைத்தாளே, அது. எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அதை முற்றத்தில் கையில் வைத்துக்கொண்டு நின்று அழுதேன், எல்லாரும் பார்த்தார்கள், பார்க்கட்டும். நான் காவல் காத்துத்தான் அது கெட்டது. நீ சொன்னபோதே கொடுத்திருந்தால் இந்நேரம் எவளாவது ஒருத்தி அதை விரித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

அன்று மத்தியானமே நம் கட்டிடத்து மூன்றாவது வாசல் பக்கம் குடியிருந்த இசாபெக், மின்சார ஆபீசில் இருந்தவர், இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அத்பாஷி ஊரிலிருந்து அவருடைய ஆட்கள் வருவார்கள், மூன்று நாள் தங்குவார்கள், அவர் தம்பி வீடு வீடாக மெத்தை கேட்டுக்கொண்டு வந்தார். போன வருஷம் இதே போல ஒரு சாவுக்கு ஒருவர் கேட்டபோது இல்லை என்று சொல்லியிருக்கிறேன், அதோடு என் கதவை யாரும் தட்டுவதில்லை. இந்த முறை என் வீட்டு மெத்தையெல்லாம் முற்றத்தில் விரிந்து கிடக்கிறது, எங்கே ஒளிப்பது. அவரும் தயங்கித்தான் நின்றார். "எடுத்துட்டுப் போப்பா, சாயங்காலம் தட்டி எடுத்துக்க, அந்த அஞ்சு மட்டும் வேணாம்" என்றேன். உன் ஒன்பதும் போயின. உன் சீர் மெத்தையில் முதலில் படுத்தது அத்பாஷிக்காரர்கள், கோபித்துக்கொள்ளாதே. நானும் மூன்று நாள் அங்கேதான் இருந்தேன், இரண்டு வருஷத்தில் அவ்வளவு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நாலாம் நாள் மெத்தைகள் திரும்பி வந்தன. அடுப்புப் புகையும் ஆட்டுக்கறியும் மனுஷ வாசனையுமாக இருந்தன. இவ்வளவு நாள் நான் செத்தவள் பொருளைக் காப்பது போல உன் பொருளைக் காத்திருக்கிறேன், உயிரோடு இருக்கிறவளுடைய மெத்தை இப்படித்தான் ஊர் சுற்றிவிட்டு வரவேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது மரப்பெட்டியைச் சுவரை விட்டு ஒரு சாண் இழுத்துப் போட்டிருக்கிறேன். சுவரைச் சுரண்டி வினிகர் விட்டுத் துடைத்து, காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தேன். அடுக்கு என் நெஞ்சு உயரம்தான், பழகிவிட்டது. ஜன்னலில் ஒட்டிய பட்டையைக் கிழித்துவிட்டேன், துணி பால்கனியில் காய்கிறது, எதிர்வீட்டுக்காரர் நேற்று கையசைத்தார். வீட்டு நடையில் இருக்கிற அலமாரியையும் விடவில்லை, என் நரித்தொப்பியைப் பூச்சி தின்றுவிட்டது, ஆனால் அம்மா சோப்புக்கட்டி வைத்திருந்த தட்டில் ஒரு நூலைக்கூடத் தொடவில்லை. போன வசந்தத்தில் நீ, உன் அறைச் சுவர் அலமாரியில் கோட்டெல்லாம் சில்லென்று இருக்கிறது என்றாயே, நான் அப்போது காதில் வாங்கவில்லை. அந்த ஊர் மழை ஊர். நனைந்த கோட்டை அப்படியே உள்ளே மாட்டாதே. அலமாரியை மூச்சுமுட்ட அடைக்காதே, துணிக்கும் துணிக்கும் நடுவே கை போக இடம் வை, பெட்டிகளைப் பின்பலகையோடு ஒட்டி வைக்காதே. கதவைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து போடு. இரண்டு வருஷம் உடுத்தாததை உடுத்துகிறவளுக்குக் கொடு, என்னைக் கேட்காதே. இந்தக் கடிதத்தோடு துணியில் முடிந்த எட்டிப்பூண்டு வைத்திருக்கிறேன், மேட்டில் நானே பறித்துக் காயவைத்தது, கம்பளிக்கு நடுவே போடு, பூச்சி அண்டாது. வாசனை கசப்பாக இருக்கும், வீட்டு வாசனைதான்.

அந்த ஒன்பதும் உன்னுடையவை. கொடு என்றால் கொடுக்கிறேன், வை என்றால் புழங்கிக்கொண்டே வைக்கிறேன், நீ சொல்வதுதான். இரண்டு மட்டும் என்னிடம் இருக்கட்டும், என்றைக்காவது ஒரு வாரம் நீ வந்தால் படுக்க. அங்கேயே இருக்கப் போகிறேன் என்று நீ சொன்னதற்கு நான் இன்னும் பதிலே சொல்லவில்லை. இரு. நன்றாக இரு. எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, அதைக் கோபமாக உன்மேல் போட்டேன், அது உன் குற்றம் இல்லை. அந்த நாற்பதாம் நாள் பேச்சை நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன், நீயும் அதை மனசிலிருந்து வெளியே போட்டுவிடு.

உன் பாதை வெளிச்சமாக இருக்கட்டும், உன் அம்மாவும் நம் முன்னோர்களும் உனக்குப் பக்கத்தில் நிற்கட்டும், உன் கைக்கு வலி வராமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நீயாக வைக்கும்வரை நான் வைக்கமாட்டேன். எந்த நேரமும் வீட்டில்தான் இருக்கிறேன். ஈரம் போகவேண்டும் என்று காலையில் ஒரு மணி நேரம் வாசல் கதவைத் திறந்து வைத்து எதிரே உட்காருகிறேன், மாடி ஏறுகிறவர்கள் "யாராவது வராங்களா" என்று கேட்கிறார்கள், காற்றுக்காக என்கிறேன். காற்றுக்கு ஜன்னலே போதும் மகளே.

உன் அப்பா,
தொக்தொபெக்