எட்டு டாலருக்கு ஒரு பாதுகாவலர்

ஜூலை 14, 1972, வெள்ளி. மந்தைவெளி.

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு முழு உதவித்தொகையே கிடைத்துவிட்டது. கையில் கொண்டுபோக அரசு விடுவது எட்டே டாலர்; அதற்கு அனுமதி கேட்டு இன்று அந்நியச் செலாவணி அலுவலகத்துக்குப் போனேன்.

"கல்யாணமாகாத பொண்ணு. அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா" என்றார் குமாஸ்தா.

"அப்பா இல்லை சார். ஆறு வருஷமா டீச்சர் வேலை பாத்து நான்தான் குடும்பத்தை நடத்தறேன்."

"அப்போ தம்பி இருந்தா வரச் சொல்லு."

மத்தியானம் தம்பி சேவியரைக் கல்லூரியிலிருந்து இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு மட்டும் நாற்காலி!

"அக்காவை நல்லாப் பாத்துக்கறீங்க தம்பி" என்றார் குமாஸ்தா.

"சார், என் காலேஜ் ஃபீஸே அவங்கதான் கட்டறாங்க" என்றான் சேவியர், கையெழுத்துப் போட்டுக்கொண்டே.

அவர் நிமிராமல் முத்திரை குத்தினார்.

அனுமதி கிடைத்துவிட்டது. சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தத் தாளில் எனக்குப் பாதுகாவலர் சேவியராம். நான் டவுசர் பட்டன் போட்டுவிட்டு வளர்த்த பயல்!