வேலிக்குள் பூத்த தும்பை

அக்கா,

இன்று காலை கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கையில், நசுங்கிய தும்பை இலையின் வாசம் வந்தது. பஸ் நிற்கும் இடத்தை ஒட்டிய கம்பிவேலிக்குள் யாரோ ஆடு ஓட்டிப் போயிருக்கிறார்கள். ஆவணி மழைக்கு அந்தக் காலிமனை முழுக்க வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது.

ஹாஸ்டலில் நீ என் பக்கத்துப் படுக்கை. பர்கூர்ப் பக்கம் கல்குவாரி ஊர் உனக்கு. "எங்கூர்ல பூ மேலயும் கல்லுத்தூசிதான். இங்க பாரு, எவ்ளோ வெள்ளையா இருக்குது" என்பாய். வேலியில் நெற்றியை ஒட்டவைத்து, "பேசாத இருங்கடி, கேக்குதா?" என்று எங்களை அதட்டுவாய். நாளெல்லாம் மெஷின் சத்தத்தில் கிடந்த என் காதுக்குத் தேனீக்களின் அந்த ரீங்காரம் பிடிபடச் சில நாள் ஆனது.

ஒரு சாயங்காலம், களைக்கும் பூச்சிக்கும் சேர்த்து மருந்தடிக்க ஓர் ஆள் முதுகில் டேங்க்கோடு வந்தார்.

"அண்ணா, பூ கொட்டட்டும். அப்புறமா அடிச்சுக்கங்க" என்றாய் நீ.

"மேல சொல்லிட்டாங்கம்மா. நான் என்னா பண்றது?"

மறுநாள் காலை வேலியோரம் தேனீக்கள் உதிர்ந்து கிடந்தன. சிலவற்றுக்குக் கால்கள் அசைந்தன. நீ அவற்றை டிபன் மூடியில் பொறுக்கி வைத்து, விரல்நுனியால் தண்ணீர் சொட்டினாய். பஸ் வந்து ஹாரன் அடித்தும் நீ எழுந்திருக்கவில்லை.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பிய உன்னைச் சூளகிரி தாண்டி, நெடுஞ்சாலையில் ஒரு லாரி அடித்துக் கொண்டுபோய்விட்டது. உன் படுக்கையில் இப்போது ஒரு வடநாட்டுப் பெண் தூங்குகிறாள்.

தும்பை மட்டும் திரும்பி வந்துவிட்டது, அக்கா.

போன வாரம் மருந்தடிக்க வேறோர் ஆள் வந்தார். நான் வேலி வாசலை மறித்து நின்றேன். "தேனீ வர்ற இடம்ணா இது" என்றேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா தேனீ? ஒண்ணும் காணோமே. யாருக்கோசரம் இத உட்டுவைக்கச் சொல்ற?"

"வரும்ணா."

என்ன நினைத்தாரோ, பூ முடியட்டும் என்று திரும்பிப் போய்விட்டார்.

இன்றைக்கு ரீங்காரம் கேட்டது போலிருந்தது. சுற்றி நின்றவர்களைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, மூச்சை அடக்கிக் கேட்டேன். ரோட்டோர டிரான்ஸ்பார்மர்தான் இரைந்துகொண்டிருந்தது. பூக்களில் ஒன்றுகூட ஆடவில்லை.

அந்த மனிதரிடம் நான் சொன்னது பொய்யா, அக்கா? எனக்குத் தெரியவில்லை. ஒரு தேனீயாவது வந்து அது மெய்யாகட்டும் என்றுதான் தினமும் பஸ் வருவதற்கு முன்னாலேயே வந்து நிற்கிறேன்.