சாவி அவரிடம், பொறுப்பு என்னிடம்

2006, ஆடி வெள்ளி. இரவு.

கோபத்தில் தூக்கம் வரவில்லை. இன்று பள்ளிக்கூடத்து மருந்து அலமாரியின் பூட்டைச் செங்கல்லால் உடைத்தேன்.

ஏழாம் வகுப்பு ஷகிலாவுக்கு ஆலைப் புகை இறங்கினாலே இழுப்பு வந்துவிடும். பிள்ளைகள் கையில் மருந்து இருக்கக் கூடாதாம். அவளுடைய இன்ஹேலரைத் தாளாளர் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். சாவி அவர் பெல்ட்டில். அவரோ பெரியபாளையத்தம்மனைக் கும்பிடப் போய்விட்டார். "சிஸ்டர், மூச்சு வர்ல" என்கிறாள் பெண். உதடு நீலம் பாய்கிறது. அவர் பிரசாதம் வாங்கி வரும்வரை நான் பார்த்துக்கொண்டு நிற்பதா?

மருந்து உள்ளே போனதும் மூச்சு சீரானது. சாயங்காலம் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்த மனிதர் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "யாரைக் கேட்டு ஒடச்சீங்க? நான் கோயிலுக்குப் போயிக்கினு வர்றதுக்குள்ள இன்னா அவசரம்?"

என்னைப் பள்ளி நர்ஸாக வேலைக்குச் சேர்த்த அன்று இதே வாய்தான் சொன்னது: "பசங்களுக்கு எதுனா ஆச்சுன்னா சட்டப்படி நீங்கதான் சிஸ்டர் பதில் சொல்லணும்."

உடனே ஆள் அனுப்பிப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினார். சாவி மறுபடியும் பெல்ட்டுக்குப் போய்விட்டது. நன்றாகப் பூட்டிக்கொள்ளட்டும். இன்ஹேலரை அவர் வருவதற்கு முன்பே ஷகிலாவின் பையில் வைத்து அனுப்பிவிட்டேன்.