நாணற்காட்டில் பனாஸின் படை

1624, மே 28

எங்கள் கொசாக் போர்வீரர் கூட்டம் இன்று தொண்டை கிழியக் கத்திப் பனாஸைத் தலைவனாக்கிவிட்டது. போன வருடம்வரை பாசறை அடுப்பில் தினைக்கூழ் கிண்டியவன்! வழக்கப்படி பெரியவர்கள் அவன் தலையில் ஆற்றுச் சேற்றை அப்பினார்கள். பொருத்தமான கிரீடம். கீவ் நகரில் எட்டு வருடம் இலத்தீன் படித்த நான் இவனுக்கு எழுத்தன்.

ஜூன் 11

பன்னிரண்டு படகு, அறுநூறு பேர். ஆறு கடலில் சேருமிடத்தில் துருக்கியர் கோட்டை. ஆற்றின் குறுக்கே சங்கிலி, கரையெல்லாம் பீரங்கி. மூடுபனி இறங்கும்வரை நாணலுக்குள் பதுங்கச் சொல்லிவிட்டான் பனாஸ். கடற்கொள்ளைக்கு வந்தோமா, வாத்து முட்டை பொறுக்க வந்தோமா?

ஜூன் 13

கருவாடு. கொசு. பனி இல்லை.

ஜூன் 14

யுகீம் எழுந்து பேசினான். முகத்தில் மூன்று வெட்டுத்தழும்பு, பார்த்தாலே தலைவன். பகலிலேயே பாய்ந்து சங்கிலியை அறுப்போம் என்றான். சிலர் தயங்கினார்கள். நானும் பேசினேன். கோழையின் பின்னால் ஒளிந்திருந்தோம் என்று ஊரில் போய்ச் சொல்வீர்களா என்று கேட்டேன். என் பேச்சுக்குத்தான் தொப்பிகள் பறந்தன. தலைமை யுகீமுக்குக் கைமாறியது.

பனாஸ் கோபப்படவில்லை. அதுகூட வராது அவனுக்கு.

“எழுத்தரே, நாளைக்கு முன் படகுலயா ஏறுறீங்க?” என்றான்.

ஆமாம் என்றேன்.

“அப்ப அந்த நீள அங்கியக் கழட்டிட்டு ஏறுங்க. தண்ணியில விழுந்தா கீழ இழுக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஜூன் 17

இரண்டு நாளாக எழுத முடியவில்லை.

முன்னே போன நான்கு படகும் சங்கிலியில் முட்டி நின்றன. உடனே குண்டு. யுகீம் ஒரு கட்டளைகூடக் கொடுக்கவில்லை. முதலில் குதித்தவன் அவன்தான். கரையேறித் துருக்கியர் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். தழும்பெல்லாம் எங்கே வாங்கினானோ, சாராயக்கடையிலோ!

நான்? அங்கியோடு மூழ்கினேன். யாரோ தலைமுடியைப் பற்றி இழுத்தார்கள். பனாஸ். கடைசிப் படகில் இருந்தவன், திரும்பிப் போயிருக்கலாம். ஏன்டா வந்தே? என்னைத் தூக்கும்போதுதான் அவன் வலக்கையில் குண்டு பட்டது.

“கழட்டச் சொன்னேன்ல” என்றான். என்னோடு சேர்த்து நாற்பத்து மூன்று பேரை அள்ளினான்.

ஜூன் 18

பனாஸின் கை முழங்கையோடு போயிற்று. யாரும் கூட்டம் கூட்டவில்லை, கத்தவில்லை. எந்தப் பக்கம் போவது என்று எல்லோரும் அவனிடமே போய்க் கேட்கிறார்கள். வீட்டுக்கு என்றான்.

கோழை என்று எழுதியவன் யார் என்று மேலே புரட்டிப் பார்த்தேன். என்ன அழகான கையெழுத்து. தூ.

ஜூன் 21

ஆற்றை எதிர்த்துத் துடுப்புப் போடுகிறோம். பனாஸின் இடத்தில் நான். உள்ளங்கை கிழிந்து எழுத்து கோணுகிறது. யாரும் என்னைத் திட்டவில்லை, பேசவுமில்லை.

மாலை கரையில் பனாஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். திரும்பாதவர்கள் பட்டியலை வாசிக்கச் சொன்னான். நூற்று ஐம்பத்தேழு பெயர். அறுபதைத் தாண்டியதும் தாளை மடக்கிவிட்டேன்.

மிச்சத்தை அவனே சொன்னான், ஒவ்வொருவன் தகப்பன் பெயரோடும்.