ராத்தாவின் கல்வீடும் என் வாயும்

1955 பெப்ரவரி 12, சனி

இதனால் சகல ஜனங்களுக்கும் அறியத்தருவது யாதெனில்: சாய்ந்தமருது முகம்மது தம்பியின் ஒரே ஆண் வாரிசாகிய ஹமீட் என்னும் எனக்கு, பதினெட்டாம் வயதில், அல்லாஹ்வின் கிருபையால் மேலுதட்டில் மீசை முளைத்திருக்கிறது. உம்மா அதைச் சட்டிக்கரி என்று நினைத்து முந்தானையால் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. ஆகவே செய்தி உறுதி.

இதைவிடச் சின்னச் செய்தி ஒன்றும் உண்டு. என் மூத்தவள், ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். மருதமுனை ஷரிபுதீன் வாத்தியார். அவருடைய உம்மா சுபைறா மாமி கேட்பது: வாப்பா முன்வளவில் கட்டிக்கொண்டிருக்கும் கல்வீடு நோன்புக்கு முன் ஓடு போட்டு முடியவேண்டும். அதற்கு மேல் கைக்கூலி ஆயிரம். கையை அசைக்காமல் வந்து உட்காரப் போகிறவருக்குக் கொடுக்கும் காசுக்குக் கைக்கூலி என்று பெயர் வைத்தவன் பெரிய பகிடிக்காரனாக இருக்கவேண்டும்.

பெப்ரவரி 15

ராத்தா நடை பழகிய வருடம் அந்த வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்களாம். வெள்ளாமை நன்றாக விளைந்தால் சுவர் வளரும். விளையாவிட்டால் நிற்கும். இப்போது ராத்தாவுக்கு இருபத்துமூன்று. சுவர் ஒருவழியாகக் கூரை மட்டத்துக்கு வந்திருக்கிறது. கல்யாணம் முடிந்தால் அவர்களுக்குக் கல்வீடு. எங்களுக்கு எப்போதும்போல் பின்னால் உள்ள இந்தக் கிடுகுக் குடிசை. இந்த ஊர் வாப்பாமாருக்கு இதுதான் சட்டம். மகளுக்கு வீடு, தனக்கு முதுகுவலி.

வாப்பா வெற்றிலை போடுவதையும் விட்டுவிட்டார். அந்தக் காசும் சீமெந்துக்கு. காசு சேர்ந்தால் சந்தோஷம் சேரும் என்கிறவர்கள் ஒருமுறை வந்து அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

பெப்ரவரி 20

கல்முனையில் அப்துல் கபூர் மாமாவின் அரிசிக் கடைக்குப் போனேன். உம்மாவின் கூடப்பிறந்தவர், எங்கள் குடும்பத்தின் ஒரே பணக்காரர். காலையிலிருந்து சிட்டுக்குருவிகளைத் துரத்திக்கொண்டிருந்தார். மூட்டை மூட்டையாக அரிசி வைத்திருக்கும் மனிதனுக்குக் குருவி தின்னும் அரிசியில் நெஞ்சு பதறுகிறது. மாமாவின் சிரிப்பும் தங்கப் பல்லும் ஒரே சாதி. களவு போய்விடுமென்று இரண்டையும் வெளியே காட்டமாட்டார்.

வரும்போது பாண்டிருப்பு நல்லரெத்தினம் சேர்ந்துகொண்டான். என்னோடு படித்தவன். அவனிடம் சத்தியம் பண்ணினேன்.

“நான் கல்யாணம் முடிக்கிற நேரம் ஒரு சதம் வாங்கமாட்டன். உடுத்த சாறனோட போவன்.”

“அப்ப அந்தச் சாறனையாவது தோய்ச்சிட்டுப் போ” என்றான்.

காசைப் பற்றி என்னைப்போல் தெளிவாகச் சிந்திக்கிறவன் இந்தக் கரையில் வேறு யாருமில்லை என்று நினைக்கிறேன்.

மார்ச் 4, வெள்ளி

இன்று சரித்திர நாள். சுபைறா மாமியும் அவருடைய மகள் றம்லாவும் வீடு பார்க்க வந்தார்கள். பெண்ணை அல்ல, வீட்டை. நான் முன்கூட்டியே மேசன் விட்டுப்போன சுண்ணாம்பைக் கரைத்து, பூசாத சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தேன்:

மாப்பிள்ளை விற்பனைக்கு. விலை: கல்வீடு ஒன்று, ரொக்கம் ஆயிரம். மாமியார் இனாம்.

மாமி வாசலை மடக்கிய குடையால் அளந்துகொண்டு வந்தார். எழுத்துத் தெரியாது அவருக்கு.

“இதென்ன புள்ள எழுதிக் கிடக்கி? குர்ஆன் ஆயத்தா?”

றம்லா சத்தமாக வாசித்தாள். கடைசி இரண்டு சொல்லில் குரல் இறங்கிப் போனது. மாமி குடையை விரித்தார். வெளியே போனார். உம்மா ஊற்றிவைத்த தேத்தண்ணி அப்படியே ஆறியது.

வீட்டைக் கட்டிக்கொள்ள வந்தவனிடமிருந்து ராத்தாவைக் காப்பாற்றிவிட்டேன். நன்றி சொல்லத்தான் ஆளில்லை.

மார்ச் 5

வாப்பா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

மார்ச் 7

ராத்தா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தா. தலை நிமிராமல்தான் கதைத்தா.

“காசில சந்தோசம் இல்லண்டு ஊரெல்லாம் கதைச்சித் திரியிறியாமே.”

“ஓம். உண்மதானே ராத்தா.”

“ஒனக்கு உண்மதான். ஒனக்கு ஆரும் வீடு கட்டத் தேவல்ல. எவள்டயோ வாப்பா முதுகு முறியக் கட்டின வீட்டுல போய்ச் சாஞ்சி இரிக்கப் போறாய். எனக்கு முன்னம் ரெண்டு பேச்சு வந்திச்சி. ரெண்டும் சுவரப் பார்த்திட்டுத் திரும்பிப் போச்சி. இது மூணாவது. இதுலதான் எனக்கு விருப்பம் இருந்திச்சி.”

மீனைத் திருப்பிப் போட்டா.

“நீ எழுதினதுல பொய் ஒண்டும் இல்ல தம்பி. எல்லாரும் சிரிப்பாங்க. எனக்குத்தான் சிரிக்க ஏலாமக் கிடக்கி.”

   நான் யாரைக் காப்பாற்றப் போனேன்? போய்த் தேங்காய்த் தும்பால் சுவரைத் தேய்த்தேன். கை தோல் உரிந்ததுதான் மிச்சம்.

மார்ச் 8

சுண்ணாம்பு போகிறது. எழுத்து போகவில்லை.

மார்ச் 13

மருதமுனைக்கு நடந்தே போனேன். நல்ல வெயில். சுபைறா மாமி தறியடியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நீதானா அந்த எழுத்துக்காரன்?”

“ஓம் மாமி. மாப்புக் கேக்க வந்தன்.”

“மாமியார் இனாமாம். இனாமா வாறத்துக்கு நான் என்ன கறிவேப்பிலயா?”

நான் மண்ணைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கும் சத்தம். வாத்தியார்தான். வெளியே வந்து, “எழுத்துப் பிழை இல்லை” என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார். இப்படி ஒரு மச்சானையா இழக்கப் பார்த்தேன்?

மாமி நூலைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னார்: “ஒண்ட ராத்தாட ஆயிரம் றம்லாட கைக்கூலிக்குப் போகும் மனே. அத அவட மாப்பிள்ளட உம்மா வாங்கி, அவட பொட்டப் புள்ளக்கிக் குடுப்பா. எண்ட கையில ஒண்டும் நிக்கிறல்ல. போய் வாப்பாட்டச் சொல்லு, பேச்சு பேச்சுத்தான். நோன்புக்கு முன்னம் ஓடு ஏறணும்.”

யாருக்கும் சந்தோஷம் தராமல் வீடு வீடாக ஓடும் அந்த ஆயிரத்தை யார்தான் முதலில் அவிழ்த்துவிட்டார்களோ.

மார்ச் 20

ஓட்டுக்குக் காசில்லை. நெற்சூடு அடித்துப் பார்த்தால் பாதி பதர். வாப்பா களத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம்.

பின்னேரம் அப்துல் கபூர் மாமா வந்தார்.

“ஓட்டுக்கும் கைக்கூலிக்கும் நான் தாறன். எண்ட மகள் ஸகியாவ ஹமீடுக்குப் பேசி வைப்பம். அவன் உத்தியோகம் எடுத்த பிறகு நிக்காஹ். அவளுக்கு வீடு கட்டி முடிஞ்சி கிடக்கி. அவன்ட கைக்கூலியத்தான் இப்ப தாறன் எண்டு வைங்களன்.”

ஆக, ஒரு மாப்பிள்ளையின் விலையை இன்னொரு மாப்பிள்ளையை விற்றுக் கொடுக்கிறோம். ஸகியா என் வயதுக்காரி. கேட்டனுப்பியதற்குச் சம்மதமாம், நான் வாயைக் குறைத்தால்.

ராத்தாவுக்காக ஒத்துக்கொண்டேன்.

மார்ச் 23

நல்லரெத்தினத்திடம் சொன்னேன், கூடப்பிறந்தவளுக்காக என்னையே விற்றுவிட்டேன் என்று. அவன் கண் கலங்கினான். நானும் கொஞ்சம் கலங்கிக் காட்டினேன்.

ஏப்ரல் 17, ஞாயிறு

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். கல்வீட்டில் ஓடு சிவந்து கிடக்கிறது. வாத்தியார் மச்சான் என்னவோ சொல்ல, ராத்தா சிரித்த சத்தம் குசினிவரை கேட்டது. வாப்பாவும் கேட்டார். மடியில் வெற்றிலைச் சரை.

மார்ச் இருபதில் எழுதாமல் விட்ட ஒன்றை இப்போது எழுதாவிட்டால் இந்தக் கொப்பிக்கே வெட்கம்.

மாமா எல்லாம் பேசி முடித்த பிறகு என் பக்கம் திரும்பினார். “மருமகனுக்கெண்டு தனியா என்ன வேணும்?” வாப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஒண்டும் வேணாம் மாமா, இந்தக் காசு வாங்குறதே வெக்கக்கேடு என்று ஒரு முழுப் பிரசங்கம் தொண்டைவரை வந்து நின்றது.

“சைக்கிள்” என்றேன்.

பிறகு, யாரும் கேட்காமலே, “லைட்டும் பெல்லும் சேர்த்து.”

மாமா வாய்விட்டுச் சிரித்தார். தங்கப் பல்லை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன்.

வண்டி நேற்று வந்தது. வேலை ஒன்றும் இல்லாமல் கல்முனைச் சந்திவரை போய் வந்தேன். மறுபடியும் போனேன். ஓம், சந்தோஷம்தான். என்ன செய்ய.

இப்போது தூறத் தொடங்கிவிட்டது. நனையக்கூடாதென்று சைக்கிளைக் குடிசைக்குள் ஏற்றி, என் பாய் கிடந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இரண்டு பேருக்கு அங்கே இடமில்லை. நான் இறவாரத்தடியில் குந்தியிருந்து இதை எழுதுகிறேன்.