மூன்று பேருக்கு மூன்று டிகிரி

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினெட்டுக் குஞ்சுகள். பழைய ஃப்ரிட்ஜுக்குள் இரண்டு பல்பையும் ஒரு சின்ன ஃபேனையும் வைத்து முட்டை பொரிக்கிறேன் என்றபோது வாயைப் பொத்திச் சிரித்தவர்கள்தான், இன்று முட்டைக் கூடையோடு வாசலில் நின்றார்கள். படுக்கையறையில் பாதி இடம் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட்டது. "இந்த வீட்டுல கோழிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்ல" என்கிறார் வீட்டுக்காரர். உண்மைதான்.

சந்தைக் கட்டடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். கிராமத்தில் சின்னதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குப் போட்டியாம். தொழில் திட்டத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். ஜெயித்தால் சந்தையில் ஒரு வருடத்துக்கு வாடகையில்லாத அறை, தொழிலுக்கு வேண்டிய மிஷின். சும்மாவா தூக்கிக் கொடுப்பார்கள்? ஆனால் ஒரு அறை! கதவில் என் பெயர்!

மார்ச் 9, ஞாயிறு

படிவம் பதினோரு பக்கம். ஏழாம் பக்கத்தில், 'உங்கள் தொழில் நுணுக்கத்தை விளக்குக.' வந்தாயா வழிக்கு! எத்தனை டிகிரி சூடு என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. எத்தனை முட்டையைக் குழிவெட்டிப் புதைத்திருப்பேன். அதை இவர்களுக்கு ஒரு வரியில் எழுதித் தர வேண்டுமாம். 'தகுந்த சூட்டில்' என்று மட்டும் போட்டேன்.

ஆளுக்கொரு ஆலோசகர் வேறு. எனக்கு வாய்த்தவர் நான் தும்மினாலும் நோட்டில் எழுதிக்கொள்கிறார். குறிப்பு சார் என்று பெயர் வைத்திருக்கிறேன். "சூடு எவ்ளோம்மா வைக்கிறீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். ஒரு தடவை சரி. இரண்டாவது எதற்கு?

மார்ச் 12, புதன்

தீவனக்கடைக்காரரும் அதையே கேட்டார். அவர் கடைக்குப் பின்னால் ஓர் அறை காலியாகக் கிடக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

படிவத்தைப் போனில் டைப் அடித்துத் தருகிறவள் என் நாத்தனார். நல்லவள்தான். ஏழாம் பக்கம் வந்ததும் அவளும் சூடு எவ்வளவு என்று கேட்டாள். ஆனால் நேற்று தீவனக்கடை வாசலில் அரைமணி நேரம் அப்படி என்ன சிரிப்பு?

ஒரு யோசனை வந்தது. மூன்று பேரும் கேட்கிறார்கள், மூன்று பேருக்கும் மூன்று எண். குறிப்பு சாருக்கு முப்பத்தொன்பது. கடைக்காரருக்கு முப்பத்தாறு. நாத்தனாருக்கு நாற்பது. நாளைக்கு எந்த எண் ஊரில் உலவுகிறதோ, அதை வைத்து யார் வாய் ஓட்டை என்று கண்டுபிடித்துவிடலாம். சரியான எண் என் மண்டைக்குள். இங்கேயும் எழுதப்போவதில்லை. சுவருக்கே காது இருக்கும்போது நோட்டுக்கு வாய் இருக்காதா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 27, வியாழன்

ஆறு பேரில் நானும் ஒருத்தி! கடைசிச் சுற்றுக்கு நடுவர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஏப்ரல் 24. அன்றைக்குக் குஞ்சு வெளியே வருகிற மாதிரி கணக்குப் பண்ணி முட்டை வைக்கப்போகிறேன். கண்ணெதிரே ஓடு உடைந்தால் அதற்குமேல் யார் என்ன கேட்பார்கள்?

மூன்றில் ஒரு எண்கூட இன்னும் வெளியே வரவில்லை. அமுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

ஒன்பது வீட்டு முட்டை. அறுபத்து நான்கு. வீட்டுக்கொரு பென்சில் குறி போட்டு அடுக்கியாயிற்று. இருபத்தோரு நாள்.

ஏப்ரல் 7, திங்கள்

நாளையிலிருந்து மூன்று நாள் டவுனில் தங்கிப் பயிற்சி. வராதவர்கள் பெயரை அடித்துவிடுவார்களாம். நாத்தனார் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். முட்டையைத் திருப்பு, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்று, வேறெதையும் தொடாதே என்றேன். சூட்டை எண்ணாக வைக்கிற குட்டி மிஷினில், எண் தெரியும் இடத்தை ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிட்டேன்.

சரியான எண்ணைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. மூன்று நாள்தானே. எதற்கு?

ஏப்ரல் 10, வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒண்ணுலயும் அசைவில்ல. உள்ள செவப்பா ஒரு வளையம், அவ்ளோதான். அறுபத்து நாலும்.

முந்தாநாள் கரண்ட் போயிருக்கு. திரும்ப வந்தப்ப மிஷின்ல எண் அழிஞ்சு போச்சாம். ஸ்டிக்கரைப் பிச்சுட்டு அவளே நாற்பது வச்சிருக்கா. ஒரு போன் பண்ணக் கூடாதாடின்னு கத்தினேன். "எதுக்கு அண்ணி? எனக்குத்தான் தெரியுமே"ன்னா.

அப்புறம் என் மூஞ்சியப் பாத்து அவளுக்கே பயம் வந்துடுச்சு. "நாற்பதுன்னு நான்தான் தப்பா ஞாபகம் வச்சுட்டேனோ?"ன்னு அழுதா.

நான் இல்லன்னு சொல்லல. ஏன் சொல்லல?

ஏப்ரல் 12, சனி

ஒன்பது வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். கரண்ட் போய்விட்டது என்று. அது பொய்யில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

நடுவர்கள் வந்தார்கள். கால்நடை டாக்டரம்மா ஒருவர், கூட இரண்டு பேர், பின்னால் நோட்டோடு குறிப்பு சார். நான் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். காலித் தட்டு. வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முன்னால் வந்துவிட்டாள்.

"என் தப்பு மேடம். அண்ணி சரியாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. நான்தான் சூட்டை மாத்தி வச்சுட்டேன். எனக்காக அவங்களைக் கழிச்சுடாதீங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினால் போதும். எனக்குத் தெரியும், ஆட்டினால் போதும்.

"அவ தப்பில்லைங்க. நான்தான் நாற்பதுன்னு சொன்னேன். வேணும்னேதான்."

"எதுக்கு?"

"யாரு திருடுறாங்கன்னு பாக்க."

அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. "எத்தனை டிகிரின்னு எந்தக் கோழிப் புத்தகத்தைத் திறந்தாலும் போட்டிருக்குமேம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குறிப்பு சார் எதையும் எழுதாமல் நோட்டை மூடினார்.

எல்லோரும் போன பிறகுதான் நாத்தனார் கேட்டாள். "அப்ப திருடுறவங்க லிஸ்டுல நானும் இருந்தேனா அண்ணி?"

ஏப்ரல் 26, சனி

ஒன்பது வீட்டுக்கும் மறுபடி போனேன். இந்தத் தடவை முழுதாகச் சொன்னேன். மூன்று வீட்டில் உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. தீவனக்கடைக்காரர் மட்டும், "எனக்கு முப்பத்தாறா? குஞ்சு குளிர்ல நடுங்கியிருக்குமேம்மா" என்று விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகை வந்தது.

ஏப்ரல் 30, புதன்

பரிசு, வீடு வீடாகப் போய் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவருக்கு. நியாயம்தான்.

நாத்தனார் என்னோடு பேசி ஆறு நாள் ஆகிறது.

மே 18, ஞாயிறு

நான்கு வீட்டிலிருந்து மறுபடி முட்டை கொடுத்திருக்கிறார்கள். பதினொரு மணிக்கு நாத்தனார் வந்தாள். அவள் அண்ணன், என் வீட்டுக்காரர், அனுப்பினாரோ? இல்லை, அவர் ஊரிலேயே இல்லை. அவளாகத்தான் வந்தாள். உட்கார்ந்து முட்டைகளைத் துடைத்துக் கொடுத்தாள்.

கடைசித் தட்டை வைக்கும்போது கேட்டாள். "திருப்புறதை எந்த நாள் நிறுத்தணும்?"

"பதினெட்டாம் நாள்" என்றேன்.

போனை எடுத்தாள். எழுந்து வெளியே போகவில்லை, என் முன்னாலேயே டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். "மேடம், முட்டையைத் திருப்புறதை நிறுத்துறது பதினெட்டாம் நாளா?" கேட்டுக்கொண்டாள். நன்றி சொல்லி வைத்தாள்.

"பதினெட்டுதானாம்" என்று என்னிடம் சொன்னாள்.

சரி என்றேன்.